கீமோ முடிந்து வீட்டுக்குப் போனபின் என்ன ஆகிறது? புற்றுநோய் சிகிச்சையில் யாரும் கேட்காத அந்த 20 நாட்கள்!

புற்றுநோய் சிகிச்சை என்றதும் நம்ம மனசுல வர்ற படம் ஒன்றுதான். ஆஸ்பத்திரி கட்டில், ஆக்சிஜன் மாஸ்க், கதவுக்கு வெளியே அழும் குடும்பம். சினிமா நம்மை அப்படிப் பழக்கி வைத்திருக்கிறது. ஆனால் இன்று கீமோதெரபி எடுப்பவர்களில் பெரும்பாலானவர்கள் அதற்காக ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரிகூடத் தங்குவதில்லை. காலையில் வருகிறார்கள். ரத்தப் பரிசோதனை, ஓ.பி.யில் டாக்டர், டே கேர் வார்டில் சில மணி நேரம் டிரிப்ஸ். சாயங்காலம் பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்து வீடு. பல வகை கீமோவுக்கு அடுத்த முறை வர வேண்டியது 3 வாரம் கழித்துத்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 21 நாளில் டாக்டர் அவரைப் பார்ப்பது ஒரே ஒரு நாள். அதுவும் கூட்டத்துக்கு நடுவே சில நிமிடங்கள். மருந்தின் பக்கவிளைவுகள் எல்லாம் வந்து போவது மீதி 20 நாளில், வீட்டில்: சாப்பாட்டு வாசனையே ஆகாத குமட்டல், ரசம் சாதம்கூட எரியும் வாய்ப்புண், நாலு படி ஏற முடியாத அசதி, ராத்திரி தூங்க விடாத வலி. இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்?

கேட்டால் என்ன ஆகும் என்று சில மருத்துவர்கள் முறையாகவே ஆராய்ந்து பார்த்தார்கள். கிடைத்த பதில், புற்றுநோய் மருத்துவ உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

2025 பிப்ரவரி 1-ம் தேதி தாக்கலான மத்திய பட்ஜெட்டில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். அடுத்த 3 ஆண்டுகளில் நாட்டின் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் டே கேர் புற்றுநோய் மையங்கள் அமைக்கப்படும், அதில் 200 மையங்கள் 2025-26-ம் நிதியாண்டிலேயே வரும் என்பதுதான் அது.

ராமநாதபுரத்தில் இருந்து கீமோவுக்காகச் சென்னைக்கு ராத்திரி முழுக்க ரயிலில் வருபவருக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை. டிரிப்ஸ் பக்கத்தில் வந்துவிடும். சரி, டிரிப்ஸ் முடிந்த பிறகான 20 நாட்கள்? கட்டடமும் கட்டிலும் மருந்தும் வந்தால் போதுமா, இல்லை வேறு எதுவும் வேண்டுமா? பட்ஜெட் விவாதங்களில் அதிகம் அடிபடாத கேள்வி இது.

"எப்படி இருக்கீங்க?" "பரவால்ல டாக்டர்!"

ஓ.பி.யில் இந்த இரண்டு வரி உரையாடலைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. அந்தப் "பரவால்ல"-வுக்குள் எத்தனையோ விஷயம் ஒளிந்திருக்கும்.

சிலருக்குப் பயம். உடம்பு முடியலைன்னு சொன்னா கீமோவை நிறுத்திடுவாங்களோ என்ற பயம். சிலர், கேன்சர்னா இதெல்லாம் இருக்கத்தானே செய்யும், இதைப் போய் சொல்லுவாங்களா என்று விட்டுவிடுகிறார்கள். போன வாரம் 4 நாள் ஓயாமல் வாந்தி எடுத்தவர், டாக்டர் முன்னால் உட்காரும் அன்றைக்கு ஓரளவு தேறியிருப்பார். அவருக்கே அது பழைய கதையாகிப் போயிருக்கும். வெளியே இன்னும் 60 டோக்கன் காத்திருக்கும்போது தன் மூட்டை முடிச்சை அவிழ்க்க யாருக்கும் மனசு வராது.

பெண்களின் நிலைமை இன்னும் சிக்கல். மார்பகப் புற்றுநோய்க்கோ கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கோ சிகிச்சை எடுப்பவர், அந்தரங்கத்தில் ஏற்படும் வறட்சி, எரிச்சல், தாம்பத்தியத்தில் வலி இதையெல்லாம் கூட வந்திருக்கும் மகன் முன்னால் எப்படிச் சொல்வார்? அதனால் சொல்வதில்லை. டாக்டரும் கேட்பதில்லை. கேஸ் ஷீட்டில் அது ஏறுவதே இல்லை.

டாக்டர்களைக் குறை சொல்லி இதை முடித்துவிட முடியாது. வசதிகள் நிறைந்த வெளிநாட்டு மருத்துவமனைகளிலும் இதே கதைதான். நோயாளிகள் அனுபவிக்கும் அறிகுறிகளில் பாதி வரை மருத்துவக் குழுவின் கவனத்துக்கே வராமல் போகிறது என்று அங்குள்ள ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள்.

நியூயார்க்கில் 766 பேரிடம் கேட்டபோது

அமெரிக்காவின் நியூயார்க் நகரில் உள்ள மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையம் உலகப் புகழ் பெற்றது. அங்கே மருத்துவர் ஈதன் பாஷ் தலைமையில் ஒரு ஆய்வு நடந்தது. உடலின் மற்ற பகுதிகளுக்கும் புற்றுநோய் பரவிய நிலையில், வெளிநோயாளியாக வந்து கீமோ எடுத்துக்கொண்ட 766 பேர் அதில் பங்கேற்றார்கள். 2007 முதல் 2011 வரை இவர்கள் ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள்.

ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. அதாவது வரும்போது டாக்டரிடம் சொல்லலாம், நடுவில் முடியலைன்னா போன் பண்ணலாம். இன்னொரு பிரிவினருக்கும் சிகிச்சை அதேதான். கூடுதலாக ஒன்றே ஒன்று: பசியின்மை, வலி, குமட்டல், மூச்சுத்திணறல், அசதி என 12 பொதுவான தொந்தரவுகள் எந்த அளவில் இருக்கின்றன என்று கம்ப்யூட்டரில் குறிக்க வேண்டும். கம்ப்யூட்டர் பழக்கம் உள்ளவர்கள் வீட்டில் இருந்தே குறிக்கலாம், வாரா வாரம் நினைவூட்டல் மின்னஞ்சல் வரும். பழக்கம் இல்லாதவர்கள் மருத்துவமனைக்கு வரும்போது அங்கேயே குறிக்கலாம். ஏதாவது ஒரு தொந்தரவு மோசமானால் நர்ஸுக்கு உடனே எச்சரிக்கை மின்னஞ்சல் போகும். டாக்டரைப் பார்க்க வரும் அன்று, அத்தனையும் ஒரு பேப்பரில் அச்சாகி அவர் கையில் இருக்கும்.

புது மருந்து ஏதும் கிடையாது, புது மெஷினும் கிடையாது. கேள்விதான்.

முடிவுகளைப் பாருங்க. வாழ்க்கைத் தரம் மேம்பட்டவர்கள், கேள்வி கேட்கப்பட்ட பிரிவில் 34 சதவீதம், வழக்கமான பிரிவில் 18 சதவீதம். ஒரு வருடத்துக்குள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடியவர்கள் 34 சதவீதம், வழக்கமான பிரிவில் 41 சதவீதம். கீமோவைத் தாக்குப்பிடித்துத் தொடர்ந்த காலம் சராசரியாக 8.2 மாதம், அங்கே 6.3 மாதம்.

இதெல்லாம் 2016-ல் வெளியான முதல் கட்டத் தகவல்கள். அடுத்த வருடம் சிகாகோவில் நடந்த அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் மாநாட்டில் வந்ததுதான் பெரிய செய்தி. வழக்கமான பிரிவில் நோயாளிகள் வாழ்ந்த இடைநிலைக் காலம் 26 மாதம். வாரா வாரம் கேள்வி கேட்கப்பட்டவர்களுக்கு 31.2 மாதம். 5 மாதத்துக்கு மேல் கூடுதல்! பரவிய புற்றுநோய்க்கு வரும் எத்தனையோ விலை உயர்ந்த மருந்துகள் இதைவிடக் குறைந்த நாட்களைக் கூட்டித் தந்தே அனுமதி வாங்கியிருக்கின்றன.

கேள்வி கேட்டால் ஆயுள் எப்படிக் கூடும்?

மாயம் ஒன்றும் இல்லை. நம்ம ஊர் உதாரணத்தோடு பார்ப்போம்.

கீமோ போட்ட 3-ம் நாள் ஒருவருக்குக் குமட்டல் அதிகமாகிறது. தண்ணீர்கூட இறங்கவில்லை. அன்றே நர்ஸ் போன் செய்து மாத்திரையை மாற்றச் சொன்னால் அத்தோடு முடிந்தது. யாரும் கேட்காமல் விட்டால்? 5-ம் நாள் நீர்ச்சத்து குறைந்து மயக்கம். 6-ம் நாள் நடு ராத்திரி 108-ல் ஏறி, ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் அட்மிஷன். அடுத்த கீமோ 2 வாரம் தள்ளிப்போகும், இல்லையென்றால் மருந்தின் அளவைக் குறைப்பார்கள். நோயாளியும் "எனக்கு இதுவே வேண்டாம்" என்று சொல்லிவிடலாம். மருந்து சரியானதுதான், ஆனால் முழுசாகப் போய்ச் சேரவில்லை.

நியூயார்க் ஆய்விலும் எச்சரிக்கை வந்தபோது நர்ஸுகள் செய்தது பெரும்பாலும் சின்னச் சின்ன வேலைதான். போனில் ஆலோசனை, துணை மருந்து மாற்றம், தேவைப்பட்டால் கீமோ அளவில் மாற்றம் அல்லது டாக்டரிடம் அனுப்புவது. தொந்தரவு சின்னதாக இருக்கும்போதே பிடித்துவிட்டார்கள். அதான் விஷயமே.

எல்லா ஆய்வும் இதையே சொல்லுதா?

பிரான்சில் நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் மருத்துவர் ஃபாப்ரிஸ் டெனி குழுவினர் ஒரு இணையச் செயலியைப் பரிசோதித்தார்கள். வாரா வாரம் நோயாளி தன் அறிகுறிகளைப் பதிவு செய்ய வேண்டும், ஏதாவது சந்தேகமாக இருந்தால் டாக்டருக்குத் தகவல் போகும். 2017-ல் வெளியான முடிவின்படி, செயலி பயன்படுத்தியவர்களின் இடைநிலை வாழ்நாள் 19 மாதம், மற்றவர்களுக்கு 12 மாதம். ஆனால் இது சின்ன ஆய்வு, சுமார் 120 பேர்தான்.

அதன் பிறகு ஈதன் பாஷ் குழுவே அமெரிக்கா முழுவதும் 52 மருத்துவமனைகளில், 1,191 நோயாளிகளிடம் பெரிய அளவில் சோதித்தது. இந்த முறை கம்ப்யூட்டரோ ஸ்மார்ட்போனோ வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தானியங்கி போன் அழைப்புக்கு பட்டனை அழுத்தியும் பதில் சொல்லலாம். அந்த வசதியைக் கணிசமானவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். வாராந்திரக் கேள்விகளில் 90 சதவீதத்துக்கு மேல் பதில் வந்தது. உடம்பு முடியாதவர்கள் யார் இதையெல்லாம் பண்ணுவாங்க என்று நினைத்தவர்களுக்கு அதுவே ஒரு பதில்.

முடிவு? நோயாளிகளின் உடல் இயக்கம், அறிகுறிக் கட்டுப்பாடு, வாழ்க்கைத் தரம் மூன்றும் மேம்பட்டன. அவசர சிகிச்சைக்குப் போக வேண்டிய நிலை தள்ளிப்போனது. ஆனால் ஆயுளில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இந்த முறை இல்லை. 2025-ல் வெளியான இறுதி முடிவு அதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது.

அதனால், 'கேள்வி கேட்டால் ஆயுள் கூடும்' என்று வாட்ஸ்அப்பில் யாராவது அடித்துச் சொன்னால் முழுசாக நம்ப வேண்டாம். கஷ்டம் குறையும் என்பதற்குத்தான் ஆதாரம் உறுதியாக இருக்கிறது. என்னைக் கேட்டால், அது மட்டுமே போதுமான காரணம். இருக்கிற நாட்களை வலியில்லாமல், வாந்தியில்லாமல் கழிப்பது என்ன சின்ன விஷயமா?

3 மாதமா, 6 மாதமா? முடிவு செய்வது யார்?

இதுவரை பார்த்தது நோயாளியின் நலம். இன்னொரு பாதி, அவருடைய விருப்பம்.

பெருங்குடல் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகு, நோய் திரும்ப வராமல் இருக்க ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து சேர்ந்த கீமோ கொடுப்பார்கள். பல வருடங்களாக 6 மாதம் என்பதுதான் வழக்கம். இந்த மருந்தின் முக்கியத் தொந்தரவு, நரம்பு பாதிப்பு. கை விரலும் பாதமும் மரத்துப்போகும், ஊசி குத்துவது போல இருக்கும், குளிர்ந்த தண்ணீரைத் தொட்டால் சுரீர் என்னும். மருந்து கூடக் கூட இதுவும் கூடும். சிலருக்கு சிகிச்சை முடிந்து வருடக்கணக்கில் போகாது.

3 மாதம் கொடுத்தால் போதாதா? 6 ஆய்வுகளைச் சேர்த்து, 12,834 நோயாளிகளின் தரவுகளை வைத்து 2018-ல் பதில் சொன்னார்கள். 3 வருடம் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள், 3 மாத சிகிச்சையில் 74.6 சதவீதம், 6 மாத சிகிச்சையில் 75.5 சதவீதம். நரம்பு பாதிப்போ 3 மாதப் பிரிவில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். நோயின் தீவிரம் குறைவாக உள்ளவர்களுக்கு, மாத்திரையும் சேர்ந்த ஒரு வகை கீமோவில் 3 மாதமே போதும் என்று தெரிந்தது. தீவிரம் அதிகமுள்ளவர்களுக்கு 6 மாதத்தில் கொஞ்சம் கூடுதல் பலன் இருக்கலாம்.

இப்போது இரண்டு பேரை நினைத்துப் பாருங்க. ஒருவர் ஓய்வு பெற்ற ஆசிரியர். "விரல் மரத்தா மரத்துட்டுப் போகுது, ஒரு சதவீதம் கூடக் கிடைச்சாலும் எனக்கு வேணும்" என்கிறார். இன்னொருவர் கோயில் வாசலில் பூ கட்டி விற்கும் அம்மா. விரல் நுனியில் உணர்ச்சி போய்விட்டால் நாரில் பூவைக் கோர்த்து முடிச்சுப் போட முடியாது, அன்றைய வருமானம் போச்சு. ரிப்போர்ட் இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி இருக்கலாம், வாழ்க்கை ஒரே மாதிரி இல்லையே. மருத்துவப் புத்தகத்தில் 'லேசான பாதிப்பு' என்று எழுதியிருப்பது அந்த அம்மாவுக்கு லேசு கிடையாது. அவர் என்ன வேலை செய்கிறார் என்று யாராவது கேட்டால்தான் அது தெரியவே வரும்.

விருப்பத்தை ஊகித்துக்கொள்வதும் சரிப்படாது. 1990-ல் பிரிட்டனில் ஒரு ஆய்வு செய்தார்கள். மிகக் குறைந்த பலனுக்காகக் கடுமையான கீமோவை ஏற்றுக்கொள்வீர்களா என்று நோயாளிகள், டாக்டர்கள், நர்ஸுகள், பொதுமக்கள் எல்லோரிடமும் கேட்டார்கள். ஆரோக்கியமாக இருந்தவர்களை விட, டாக்டர்களை விட, நோயாளிகளே அதிகம் 'சரி' என்றார்கள். 'பாவம், இவருக்கு எதுக்கு இவ்வளவு கஷ்டம்' என்று வெளியில் இருந்து நாம் நினைப்பதும், அவர் உள்ளுக்குள் நினைப்பதும் வேறு வேறு.

கனடாவில் 1997-ல் வெளியான இன்னொரு ஆய்வில் 103 பேரிடம், கீமோ ஊசியா மாத்திரையா என்று கேட்டபோது 92 பேர் மாத்திரை என்றார்கள். ஆனால் மாத்திரைக்காகப் பலன் குறைவதை ஏற்பீர்களா என்றால், பெரும்பாலோர் மாட்டோம் என்றார்கள். நியாயம்தானே!

அலைச்சலும் ஒரு பக்கவிளைவுதான்

சிகிச்சைக்காக ஆகும் பயணம், காத்திருப்பு, திரும்பத் திரும்ப எடுக்கும் பரிசோதனைகள் இதெல்லாம் சேர்ந்து நோயாளியின் எத்தனை நாளை விழுங்குகிறது என்பதைப் புற்றுநோய் மருத்துவர்கள் சமீப வருடங்களாகக் கணக்கிடத் தொடங்கியிருக்கிறார்கள். குறிப்பாக நோய் முற்றிய நிலையில், ஒரு மருந்து சில வாரங்களைக் கூட்டித்தந்து, அந்த வாரங்களை எல்லாம் ஆஸ்பத்திரி பெஞ்சிலேயே கழிக்க வைத்தால் என்ன லாபம் என்பது அவர்கள் கேள்வி.

குறைக்க முடிந்த இடத்தில் குறைத்தும் இருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பிறகான ரேடியேஷன் ஒரு காலத்தில் 5 வாரம். பிறகு 3 வாரம் ஆனது. 2020-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில், தகுந்த நோயாளிகளுக்கு ஒரே வாரத்தில் 5 முறை கொடுத்தாலும் 5 வருட பலன் 3 வார சிகிச்சைக்குக் குறைவில்லை என்று தெரிந்தது. புற்றுநோய் எலும்புக்குப் பரவி வரும் வலிக்கும் ஒரே ஒரு முறை ரேடியேஷன் பலருக்குப் போதும். பிறகு மறுபடி தேவைப்படும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம், ஆனால் வலி குறைவதில் பெரிய வித்தியாசம் இல்லை.

நம்ம ஊரில் பலர் பட்டிருக்கும் ஒரு வேதனை உண்டு. ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்து, ரத்தப் பரிசோதனை எடுத்தால் அணுக்கள் குறைவு, 'ஒரு வாரம் கழிச்சு வாங்க' என்பார்கள். முந்தைய நாளே சொந்த ஊர் லேப்பில் பரிசோதனை எடுத்து, ரிசல்ட்டை போனில் அனுப்பிக் கேட்டுக்கொண்டு கிளம்பினால் அந்த அலைச்சல் மிச்சம். இதற்குப் பெரிய திட்டமெல்லாம் தேவையில்லை. மறுமுனையில் போனை எடுக்க ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்குக் கிடைக்கிறது. ஆனால் துணைக்கு வருபவர் இழக்கும் கூலி, லாட்ஜ் வாடகை, ஆட்டோ காசு எந்த காப்பீட்டிலும் வராது. ரயிலில் மட்டும் ஒரு ஆறுதல்: சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர், 3-ம் வகுப்பு ஏசியில் முழுக் கட்டணச் சலுகை, துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். மருத்துவமனைச் சான்றிதழ் வேண்டும். இது தெரியாமலே முழு டிக்கெட் எடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வலி நிவாரணம்னா கடைசி நாட்களுக்கா?

தமிழ்நாட்டில் 'பேலியேட்டிவ் கேர்' என்றாலே 'இனி ஒண்ணும் பண்ண முடியாது' என்று அர்த்தம் செய்துகொள்கிறார்கள். நோய்த்தணிப்பு சிகிச்சை என்று தமிழில் சொல்லலாம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 151 நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2010-ல் வெளியானது. நோய் கண்டுபிடித்த உடனே கீமோவோடு சேர்த்து நோய்த்தணிப்பு சிகிச்சையும் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது, வாழ்க்கைத் தரமும் கூடியது. கடைசிக் கட்டத்தில் கடுமையான சிகிச்சைகளையும் அவர்கள் குறைவாகவே எடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் அவர்கள் வாழ்ந்தது 11.6 மாதம், மற்றவர்கள் 8.9 மாதம்.

பக்கத்து மாநிலம் கேரளா 2008-லேயே இதற்கென அரசுக் கொள்கை கொண்டுவந்துவிட்டது. ஊர்க்காரர்களே தன்னார்வலர்களாகி வீடு வீடாகப் போகிறார்கள். தேசிய அளவில், மார்ஃபின் போன்ற வலி நிவாரணிகள் கிடைப்பதை எளிதாக்க 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 2014-ல் திருத்தப்பட்டது. கடுமையான புற்றுநோய் வலிக்கு டாக்டர் மார்ஃபின் எழுதினால் பயப்பட வேண்டியதில்லை. 'அடிமையாகிடுவாரோ' என்ற பயத்தில் வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வதுதான் கொடுமை.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர்"

நோயாளியின் விருப்பத்தைக் கேளுங்கள் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். நம்ம வீடுகளில் நிலைமை அப்படியா இருக்கு? ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு முதலில் டாக்டர் அறைக்குள் போவது மகனோ மருமகனோதான். "அப்பாவுக்கு கேன்சர்னு தெரிய வேணாம், தாங்க மாட்டாரு" என்பார்கள். அன்பில் சொல்வதுதான், சந்தேகமே இல்லை. ஆனால் தனக்கு என்ன நோய் என்றே தெரியாதவரிடம், 3 மாதமா 6 மாதமா என்று எப்படிக் கேட்பது? பல அப்பாக்களுக்கு விஷயம் தெரிந்தே இருக்கும், பிள்ளைகள் வருத்தப்படுவார்களே என்று தெரியாத மாதிரி இருப்பார்கள்!

இதற்கு நோய்த்தணிப்பு மருத்துவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். உண்மையைப் போட்டு உடைப்பது கிடையாது, முதலில் நோயாளியிடமே கேட்பது: "உங்க உடம்பைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கிறீங்க? எல்லாத்தையும் உங்ககிட்டயே சொல்லட்டுமா, இல்ல பையன்கிட்ட பேசிக்கட்டுமா?" அவர் "பையன்கிட்டயே பேசுங்க" என்றால் அதுவும் அவருடைய விருப்பம்தான்.

தமிழ்நாட்டில் இது சாத்தியமா?

சாத்தியம் இல்லை என்று சொல்ல எனக்குக் காரணம் தெரியவில்லை. 2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சுகர், பிரஷர் மாத்திரைகளோடு நோய்த்தணிப்பு சிகிச்சையும் வீடு தேடி வரும் சேவைகளில் ஒன்று. ஏற்கெனவே வீட்டு வாசலுக்குப் போகும் ஆட்கள் இருக்கிறார்கள். 12 கேள்வி கொண்ட ஒரு தாள் அவர்கள் கையில் இருந்து, மோசமான பதில் வந்தால் மாவட்ட மருத்துவமனையின் புற்றுநோய் நர்ஸுக்கு அது போய்ச் சேர்ந்தால் போதும்.

சிக்கல் எங்கே என்றால், அந்த நர்ஸ்தான். எச்சரிக்கை வரும்போது அதைப் பார்க்க ஆள் இருக்க வேண்டும். மருந்தை மாற்றச் சொல்ல அவருக்கு அதிகாரம் வேண்டும், சந்தேகம் வந்தால் கேட்க ஒரு டாக்டர் வேண்டும். ஏற்கெனவே ஒரு ஷிஃப்டில் பத்துப் பேர் வேலையைப் பார்ப்பவர் தலையில் இதையும் கட்டினால் நடக்காது. செயலியை அறிமுகம் செய்து ரிப்பன் வெட்டுவது எளிது. கேட்டுவிட்டு எதுவும் செய்யாமல் இருப்பது, கேட்காமல் இருப்பதை விட மோசம். ஒரு தடவை பதில் வராவிட்டால் நோயாளி அடுத்த தடவை சொல்லவே மாட்டார்.

நோயாளிகள் எதைத் தொந்தரவாக நினைக்கிறார்கள் என்பதில் இருந்து தொடங்கினால் சிகிச்சையே மாறும் என்பதற்கு இந்தியாவிலேயே உதாரணம் இருக்கிறது. கீமோ வாந்தியைத் தடுக்க ஒலான்சபின் என்ற மாத்திரை நன்றாக வேலை செய்யும். ஆனால் வழக்கமான 10 மில்லிகிராம் அளவில் பகல் முழுக்கத் தூக்கித் தூக்கிப் போடும். மும்பை டாடா நினைவு மையத்தின் மருத்துவர்கள் நான்கில் ஒரு பங்கான 2.5 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள். வாந்தி அதே அளவு கட்டுப்பட்டது, பகல் தூக்கம் வெகுவாகக் குறைந்தது. 2024-ல் வெளியான இந்த முடிவு உலக அளவில் கவனிக்கப்பட்டது. மாத்திரையின் விலையும் சொற்பம்தான்.

அடுத்த முறை ஓ.பி.க்குப் போகும்போது

வீட்டில் யாராவது கீமோவில் இருந்தால், மருத்துவமனை கேட்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு குயர் நோட்டுப் போதும். தினமும் ராத்திரி வலி, குமட்டல், சாப்பாடு, மலம் கழித்தது, தூக்கம், மூச்சு, கை கால் மரப்பு, மனசு எப்படி இருந்தது என்று 0 முதல் 10 வரை மார்க் போட்டுக்கொள்ளுங்கள். நோயாளியே போட வேண்டும், கூட இருப்பவர் ஊகித்துப் போடக் கூடாது. டாக்டர் முன்னால் "பரவால்ல" என்று சொல்வதற்குப் பதில் அந்தப் பக்கத்தைத் திறந்து நீட்டுங்கள். கூட்டத்தில் சொல்லக் கூசும் விஷயத்தையும் அதிலேயே எழுதிவிடலாம்.

என்ன வேலை செய்கிறீர்கள், எந்தக் கஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ள முடியும், எதை முடியாது, வீட்டில் எந்த விசேஷத்துக்குக் கட்டாயம் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் டாக்டரிடம் தாராளமாகச் சொல்லலாம். மகள் கல்யாணத்துக்காகக் கீமோ தேதியைச் சில நாள் தள்ளி வைக்க முடியுமா என்று கேட்பதில் தப்பே இல்லை. முடியுமா முடியாதா என்று அவர் சொல்வார். நீங்களாகத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

டே கேரை விட்டுக் கிளம்பும் முன் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் யாருக்கு போன் செய்வது? அந்த எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். கீமோ போட்ட நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், வீட்டில் பாராசிட்டமால் போட்டு விடியட்டும் என்று பார்க்க வேண்டாம். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் கிருமித் தொற்று சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். உடனே அந்த எண்ணுக்கு அழைத்துவிட்டு, கீமோ எடுத்த விவரம் உள்ள சீட்டோடு பக்கத்தில் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.